வேட்டியும் ஆறாவது குண்டும்

மனிதன் படிக்கிற புத்தகங்களை அவன் உடம்பு படிப்பதில்லை. இதை நான் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன். தஞ்சாவூருக்கு மேற்கே, வயல் முடிந்து செம்மண் மேடு தொடங்குகிற இடத்தில், கையில் ஒரு ரிவால்வரோடு, ஜில்லாவின் பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

எனக்குத் தேதிப் பைத்தியம் உண்டு. சரித்திர வாத்தியாராக இருந்தவனுக்கு அது தொழில் வியாதி. எங்கள் தெருவில் மின்கம்பம் நட்ட நாள், ஊருக்குள் முதல் டிராக்டர் இறங்கிய நாள், பள்ளிக்கூடத்து வேப்பமரம் காற்றில் சாய்ந்த நாள், எதைக் கேட்டாலும் கிழமையோடு சொல்வேன். (யாரும் கேட்பதில்லை. நானாகவே சொல்வேன்.) ஆனால் இந்தச் சம்பவத்துக்கு மட்டும் தேதி தர மாட்டேன். தந்தால் என் வீட்டில் வருஷா வருஷம் பாயசம் வைத்துக் கொண்டாடுவார்கள். நெருக்கடி நிலை முடிந்து, கோட்டையில் ஆட்சி ஒரு கழகத்திடமிருந்து இன்னொரு கழகத்தின் கைக்குப் போயிருந்தது. மேட்டூர் தண்ணீர் தாமதமாக வந்ததால் சம்பா அறுவடை தை மாதம் முழுக்க இழுத்துக்கொண்டு போனது. இவ்வளவு போதும்.

அந்த அறுவடையில் எங்கள் ஊரில் கூலிப் பேச்சு முறிந்திருந்தது. வெளியூர் ஆளை வைத்து அறுப்போம் என்றது மிராசுதார் தரப்பு. வைத்தால் வரப்பில் படுப்போம் என்றது சங்கம். வெண்மணி எரிந்து பத்து வருஷம்கூட ஆகாத காலம். வெளியூர் ஆள் என்ற பேச்சு எழுந்தாலே எங்கள் தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கிறார்களா என்று தலையை எண்ணிப் பார்ப்பார்கள்.

எங்கள் மிராசுதாரை ஊரில் பெரியபண்ணை என்போம். என் அப்பா அவரிடம் பண்ணையாளாக இருந்தவர். எதிரில் நின்றால் 'ஆண்டே' என்பார். வீட்டுக்கு வந்து வேறு மாதிரி சொல்வார், அதை எழுத முடியாது. பெரியபண்ணையின் இடுப்பில் ஒரு தோல் உறை தொங்கும். உள்ளே லைசென்ஸ் வாங்கிய ரிவால்வர். களத்தில் நெல் அளக்கும்போது அவர் நாற்காலியில் சாய்ந்தால் அந்த உறை நகர்ந்து முன்னால் வந்து மடியில் உட்கார்ந்துகொள்ளும். அவர் அதை உருவி நான் பார்த்ததில்லை. உருவ வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. உறைக்குள் இருக்கிற துப்பாக்கி யாரையும் ஒன்றும் செய்யாது என்பது நான் பின்னாளில் கற்ற பாடம். எங்கள் தெருவில் அதை யாரும் நம்பியதில்லை.

இனி என்னைப் பற்றி. அந்தத் தெருவின் முதல் பட்டதாரி. மன்னார்குடியில் குடியிருந்து, அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர ஆசிரியர், கூடவே என்.சி.சி. பொறுப்பு. கல்லூரியில் படித்தபோது கேட்ட மேடைப் பேச்சுகள் தலைக்குள் போய், ஒரு சபதம் எடுத்திருந்தேன்: இந்த ஜென்மத்தில் எந்த மிராசுக்கும் வேட்டியை இறக்க மாட்டேன்.

எங்கள் பக்கம் வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். மதிக்க வேண்டிய ஒருவர் எதிரே வந்தால், இடுப்பில் செருகிய மடிப்பை இழுத்து, வேட்டியைக் கணுக்கால் வரை இறக்கிவிட வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற மரியாதை என்று எழுதுகிறவர்கள் எழுதலாம். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அது ஒரே பக்கம்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

சபதத்தை நான் விடாமல் காப்பாற்றினேன். ஒரு நாள் கடைவீதியில் பெரியபண்ணை எதிரே வந்தபோது, இறங்கியிருந்த வேட்டியை அவர் பார்க்கட்டும் என்றே நின்று நிதானமாக மடித்துக் கட்டினேன். மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. (அன்றைக்கு அவர் கண்ணாடி போடாமல் வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.)

இந்த லட்சணத்தில் இருந்தபோதுதான் மேஜர் என்னைக் கண்டுபிடித்தார்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூரில் மிராசுதார்களும் டாக்டர்களும் அதிகாரிகளும் சேர்ந்து நடத்திய துப்பாக்கி கிளப்புக்குச் செயலாளர். என்.சி.சி. முகாமில் நான் ரைபிள் சுடுவதைப் பார்த்துவிட்டு வீடு தேடி வந்தார். வெளிநாடுகளில் புதிதாக ஒரு போட்டி வந்திருக்கிறதாம், பத்திரிகையில் படித்தாராம், இங்கேயும் நடத்தப் போகிறாராம்.

"வட்டத்தைப் பாத்துக்கிட்டு செல மாதிரி நின்னு சுடறது ஒரு சொகம் சார். ஆனா அது நெசமில்ல. மனுஷன் அன்னாடம் எந்தத் துணியில இருக்கானோ அந்தத் துணி. இடுப்புல உறை. விசில் அடிச்சா உருவணும், ஓடணும், சுடணும், பத்திரமா திருப்பி உறையில வைக்கணும். அப்பத்தான் இவன் கையில துப்பாக்கி குடுக்கலாமா கூடாதான்னு தெரியும்."

"என்கிட்ட துப்பாக்கி ஏது சார்?"

"கிளப்புல குடுப்போம். உறை மட்டும் நீங்க பாத்துக்கணும். அன்னாடம் என்ன கட்டறீங்க?"

"என்.சி.சி. இல்லாத நாள்ல வேட்டிதான்."

"அப்ப வேட்டியிலயே வாங்க."

கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னார். "பாதுகாப்புப் பிழை ஒண்ணுகூட இல்லாம முடிச்சிட்டீங்கன்னா, அடுத்த வருஷம் நீங்கதான் எனக்கு ரேஞ்ச் ஆபீசர்."

ரேஞ்ச் ஆபீசர் என்றால் சுடும் கோட்டில் உத்தரவு போடுகிறவர். சம்பளம் கிடையாது, ஒரு விசில் தருவார்கள். ஆனால் அந்தக் கோட்டில் அவர் நில் என்றால் கலெக்டரும் நிற்க வேண்டும். கிளப்பின் தலைவர் யார் தெரியுமா? எங்கள் பெரியபண்ணை. அவர் கோட்டில் நிற்பார். நான் 'காலி செய்து காட்டுங்கள்' என்பேன். அவர் காட்டுவார். மேஜர் தெருமுனை திரும்புவதற்குள் இந்தக் காட்சியை மனதில் பல முறை ஓட்டிவிட்டேன். துப்பாக்கியின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை இருந்ததில்லை. அந்த விசில்தான் எனக்கு வேண்டியிருந்தது.

படிப்பில் இறங்கினேன். கிடைத்ததை எல்லாம் படித்தேன். விதிகள் நான்குதான், எல்லாம் எளியவை. எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருப்பதாகவே நினை. அழிக்க நினைக்காத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி வைக்கும் வரை விசையில் விரல் போடாதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். இதை வகுப்பில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், சோறு போட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

மனைவி கமலா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அறிவுரை கேட்டு ஓய்ந்துபோகாத பொறுமைசாலி. ஆனால் கணக்கு வைத்துக்கொள்வாள். வீட்டில் பயிற்சிக்கு நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டேன். அதை எரியவிட்டு, துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தால், குழல் எங்கெங்கே போகிறது என்பதை வெளிச்சமே காட்டிக்கொடுத்துவிடும். (இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இன்றும் இதற்காகப் பெருமைப்படுகிறேன்.) மாலையில் கரண்ட் போனதும் கூடத்தில் ஒத்திகை தொடங்கும்.

"என்னங்க, இப்ப என்னைச் சுட்டுட்டீங்க."

"எங்க?"

"காதுல. அதுக்கு முன்னாடி பொங்கப் பானையை. காலண்டர்ல இருக்கற முருகனை ரெண்டு தரம்."

பத்து நாளில் வெளிச்சம் சுவரை விட்டு நகராத அளவுக்குத் தேறினேன். கமலாவே ஒப்புக்கொண்டாள். "பரவால்ல, முருகன் பொழைச்சுக்கிட்டாரு."

அடுத்தது உறை. இதில் நான் காட்டிய கவனத்தை என் கல்யாணத்தில்கூடக் காட்டவில்லை. முதலில் கமலாவின் அண்ணன், ஹெட் கான்ஸ்டபிள், ஒரு பழைய போலீஸ் உறையைக் கொடுத்தார். மேலே பெரிய மூடி, பித்தளைப் பொத்தான். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. திறக்கத்தான் இரண்டு கையும் ஒரு உதவியாளும் வேண்டும். அடுத்து, தொடையில் தாழ்வாகத் தொங்குகிற திறந்த உறை ஒன்றைக் கடையில் பார்த்து மயங்கி வாங்கினேன். துப்பாக்கிக்குப் பதிலாக அதே எடையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் கல் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. கல் போனால் கல். அது துப்பாக்கியாக இருந்தால், எடுத்தவன் யார் என்று தேடிக்கொண்டு ஊர் முழுக்கப் போலீஸ் அலையும்.

மூன்றாவதாக, பெல்ட் தைக்கிற கடையில் சொல்லி கெட்டி எருமைத்தோலில் ஒன்று தைக்கச் சொன்னேன். விசையும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்க மறைய வேண்டும். கட்டை விரலால் தட்டினால் விடுபடுகிற ஒரு வார் மேலே வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் துப்பாக்கி விழக் கூடாது. ஆனால் ஒரே கையில் உருவ வர வேண்டும். இடுப்பில் உயர்த்திக் கட்ட வேண்டும், உட்கார்ந்தால் நகரக் கூடாது. களத்தில் பெரியபண்ணையின் மடிக்கு நகர்ந்து வந்த உறை இந்தத் தேர்வில் தேறியிருக்காது என்பதைக் குறித்துக்கொண்டேன். மனசுக்கு இதமாக இருந்தது.

பெல்ட் விஷயம்தான் பாக்கி. வேட்டிக்கு மேல் நம்மவர்கள் கட்டுகிற பச்சை பெல்ட், பர்ஸுக்கும் பீடிக்கட்டுக்கும் தாங்கும், ரிவால்வருக்குத் தாங்காது. வேட்டிக்கு மேல் என்.சி.சி. பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன். ஓட வேண்டிய போட்டி என்பதால் வேட்டியை மடித்துக் கட்டி, மடிப்பைத் தொப்புளுக்கு நேராக, பெல்ட்டுக்கு மேலே செருகிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது மேலே தளபதி, கீழே நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"பாதி பாதியா பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றாள் கமலா.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. செம்மண் மேட்டை வெட்டி, அதன் முன்னால் மூன்று அட்டை மனிதர்களை நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நிலை. நிலைக்கு இரண்டு குண்டு. முதலாவது நின்றபடி. அங்கிருந்து ஓடி இரண்டாவது. மூன்றாவதில் மணல் மூட்டைக்குப் பின்னால் மண்டியிட்டு. சாமியானாவுக்குக் கீழே மிராசுதார்கள், டாக்டர்கள், விருந்தினராக வந்த ஒரு டி.எஸ்.பி. வேட்டியில் வந்தவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். அதில் பட்டுக்கரை போடாத வேட்டி எனக்கு மட்டும். பெரியபண்ணை இன்னும் வரவில்லை. அவருடைய மகன் மட்டும் முன்வரிசையில் இருந்தார். அவரை ஊரில் சின்னவர் என்போம்.

என் பெயர் கூப்பிட்டார்கள். மேஜர் என் ரிவால்வரில் ஆறு குண்டுகளை எண்ணிப் போடவைத்தார். உறையில் வைத்தேன். கை இரண்டும் தொங்கின. விசில்.

உள்ளதைச் சொல்கிறேன், நான் நன்றாகவே சுட்டேன். உருவும்போது இடது கை வயிற்றோடு ஒட்டி இருந்தது, குழலுக்கு முன்னால் போகவில்லை. ஓடும்போது விரல் விசைக்கு வெளியே, குழல் மேட்டைப் பார்த்தபடி. முதல் நிலையில் இரண்டும் நெஞ்சு. இரண்டாவதில் இரண்டும் நெஞ்சு. மூன்றாவதில் மண்டியிட்டேன்; ஐந்தாவதும் நெஞ்சு. சாமியானாவில் யாரோ 'பலே' என்றது காதில் விழுந்தது. ஆறாவதுக்குக் குறி வைத்தேன். விசில் கிட்டத்தட்ட என் கழுத்துக்கு வந்துவிட்டிருந்தது.

அப்போது பின்னால் ஒரு கனைப்புக் கேட்டது.

பெரியபண்ணையின் கனைப்பு. தொண்டையில் தொடங்கி மூக்கில் முடியும். வயலுக்கு அவர் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். அதைக் கேட்டால் நடவு நடுகிற முதுகுகள் நிமிராது, வரப்பில் நிற்கிறவன் கீழே இறங்குவான், மடித்துக் கட்டியவன் இறக்குவான். தாமதமாக வந்த கிளப் தலைவர், தலைவர் என்ற உரிமையில், சாமியானாவில் உட்காராமல் நேரே கோட்டுக்கே நடந்து வந்து என் பின்னால் நின்று கனைத்திருக்கிறார்.

அடுத்து நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். உடம்பு செய்தது. எழுந்தது. திரும்பியது. இரண்டு கையும் தொப்புளுக்குப் போயின. அதில் ஒரு கையில் ரிவால்வர் இருக்கிற செய்தியை உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. இடது கை மடிப்பை இழுத்தது, வலது கை ஒத்தாசை செய்தது. வேட்டி மிக அழகாக, ஒரு சுருக்கம் இல்லாமல், கணுக்கால் வரை இறங்கியது. குழல் என் தொடையைப் பார்த்தது, சாமியானாவைப் பார்த்தது, கடைசியாகப் பெரியபண்ணையின் வயிற்றுக்கு நேரே வந்து நின்றது.

பெரியபண்ணை கும்பிட்டார்.

இரண்டு கையையும் சேர்த்து, மார்புக்கு நேரே, தலை கொஞ்சம் குனிந்து. தோளில் இருந்த அங்கவஸ்திரம் நழுவிக் கீழே விழுந்தது. நான் வேட்டியை இறக்கியபடி நிற்கிறேன். அவர் கும்பிட்டபடி நிற்கிறார். கல்யாணத்தில் சம்பந்திகளை எதிர்கொண்டு அழைக்கிற மாதிரி இருந்தது.

"குழல்! குழல்!" மேஜர் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மேட்டுப் பக்கம் திருப்பினார். ரிவால்வரைத் திறந்து கவிழ்த்தார். ஐந்து வெற்றுத் தோட்டாக்களும் ஒரு முழுக் குண்டும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. அந்த ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினார்.

"இது யாருக்கு சார்?"

குண்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெரல் வெளியில இருந்துச்சு. அதனாலதான் ரெண்டு பேரும் இப்ப நிக்கிறீங்க. வெளிய போங்க. தகுதி நீக்கம்."

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் மானக்கேடு. முடியவில்லை. சின்னவர் சாமியானாவிலிருந்து ஓடி வந்தார்.

"டி.எஸ்.பி. சார், பாத்தீங்கல்ல? வேணும்னே நீட்டுறான். ஊர்ல கூலித் தகராறு ஓடுது, இவன் அப்பன் சங்கத்துல இருக்கான். கேஸ் எழுதுங்க."

டி.எஸ்.பி. எழுந்து வந்தார். நிதானமானவர். என்னைப் பார்த்து, "எதுக்குத் திரும்புனீங்க?" என்று கேட்டார்.

என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். கேஸ் என்றால் வேலை போகும். வேலை மட்டுமா? அறுவடை நேரத்தில் எங்கள் தெருவுக்குள் போலீஸ் வண்டி நுழைய ஒரு காரணம் கிடைக்கும். அது எப்படி முடியும் என்பதற்கு எங்கள் ஜில்லாவில் உதாரணங்கள் இருந்தன. தப்பிக்க எனக்கு ஒரே ஒரு சாட்சிதான்: இறங்கிக் கிடக்கிற என் வேட்டி. கொல்ல வரவில்லை, மரியாதை செய்ய வந்தேன் என்று, இத்தனை மிராசுகளுக்கு முன்னால், என் வாயாலேயே சொல்ல வேண்டும். எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டு, கடைவீதியில் மார்பு விரித்து நின்றவன் சொல்ல வேண்டும்.

"ஐயா வந்தாங்க... வேட்டிய எறக்குனேன்."

"கேக்கல."

"வேட்டிய எறக்குனேங்க! ஐயா கனைச்சாங்க, நான் எறக்கிட்டேன்!"

செம்மண் மேடு அதை ஒரு முறை திருப்பிச் சொன்னது.

"கையில துப்பாக்கிய வச்சுக்கிட்டா?"

"அது இருந்தது அப்ப ஞாபகத்துல இல்லைங்க."

சாமியானாவில் ஒரு டாக்டர் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். டி.எஸ்.பி. சிரிக்கவில்லை. பெரியபண்ணையின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க. நீங்க என்ன பாத்தீங்க, அதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க, வரிசையா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

பெரியபண்ணை வாயைத் திறந்தார். "நான் வந்தேன். இவன் திரும்பினான். உடனே நான்..." அங்கே நின்றுவிட்டார். கும்பிட்ட கைகள் அதுவரை பிரியவே இல்லை. அதை அப்போதுதான் அவரே பார்த்தார். மெல்லப் பிரித்து, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அவரு வேட்டியத்தான் எறக்குனாரு," என்றார். "நான் பாத்தேன். கேஸெல்லாம் வேணாம்."

"அப்பா!" என்றார் சின்னவர்.

"சும்மா இருடா."

அவரு என்று அவர் என்னைச் சொன்னதை அப்போது கவனிக்கும் நிலையில் நான் இல்லை. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டு வந்து, மன்னார்குடி பஸ் இரண்டு போன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது காதில் விழுந்தது.

சரித்திர வாத்தியாருக்கு இந்தச் சம்பவம் ஒரு பாடத்தையும் கொடுத்தது. நான் வீடு சேர்வதற்குள் செய்தி ஊர் சேர்ந்துவிட்டது. ஆனால் இரண்டு செய்தியாக. அக்ரகாரத்திலும் பெரிய தெருவிலும் சொன்ன கதையில், வாத்தியார் என்னதான் படித்தாலும் பண்ணையைக் கண்டதும் துப்பாக்கியோடு வேட்டியை இறக்கினான். எங்கள் தெருக் கதையில், வாத்தியாரைக் கண்டதும் பெரியபண்ணை கும்பிட்டார். முதல் கதையில் கும்பிடு இல்லை. இரண்டாவதில் வேட்டி இல்லை. இரண்டிலும் பொய் இல்லை. நான் படித்த சரித்திரங்களில் எத்தனை இப்படிப் பாதியாக வந்து சேர்ந்தவையோ என்று அன்றிலிருந்து ஒரு சந்தேகம் உண்டு.

மறுநாள் ஊருக்குப் போனேன். சபதம் முறிந்ததற்கு அப்பா என்ன சொல்வாரோ என்று தயங்கித்தான் போனேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அரிவாளுக்குப் பிடி மாட்டிக்கொண்டிருந்தார்.

"அவுரு கும்புட்டாராமே?"

"ஆமாம்ப்பா. ஆனா அதுக்கு முன்னாடி நான்..."

"அதை வுடு. ஒத்தக் கையாலயா, ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தாம்ப்பா."

அப்பா பிடியை இன்னும் இரண்டு திருகு திருகினார். பிறகு, "தல குனிஞ்சுதா?" என்றார்.

"கொஞ்சம்."

"எந்த மட்டும்?"

காட்டினேன். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "மொதல்லேருந்து சொல்லு," என்றார். மொதல்லேருந்து சொன்னேன். வேட்டியை நான் இறக்கிய இடம் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "எனக்கு அம்பது வருஷமா எறங்குது. ஒனக்கு ஒரு தடவதான எறங்குச்சு?"

அந்த வாரமே கூலிப் பேச்சு முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. தாசில்தார் முன்னிலையில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து இழுத்தது; எங்கள் ஆட்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஒன்று மட்டும் பலர் கவனித்தார்கள். பெரியபண்ணை அந்தப் பேச்சுக்கு இடுப்பில் உறை இல்லாமல் வந்தார். மேஜர் கண்டித்தார் என்றார்கள்; இடுப்பு வலி என்றும் சொன்னார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதுதான் என் வழக்கம்.

மேஜர் உட்கார்ந்து கிளப்பின் விதிகளில் ஒன்று சேர்த்தார். ஓட வேண்டிய சுற்றில் கால்சட்டை கட்டாயம். மற்ற சுற்றுகளில் வேட்டி கட்டலாம். ஆனால், யாராக இருந்தாலும், வேட்டியை இறக்கிவிட்ட பிறகே கோட்டுக்கு வர வேண்டும். கோட்டில் எவர் வந்தாலும் எவருக்கும் மரியாதை செய்யக் கூடாது. இந்தியாவில் வேறெந்தத் துப்பாக்கி கிளப்பிலும் இப்படி ஒரு விதி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு வருஷம் கழித்து மேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "கொழல் திரும்பினா என்ன ஆகும்னு ஒங்களவிடத் தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுல கெடையாது," என்று சொல்லி விசிலை என் கையில் வைத்தார்.

முதல் நாள், மூன்றாவது ஆளாகப் பெரியபண்ணை கோட்டுக்கு வந்தார். மடித்துக் கட்டிய பட்டுக்கரை வேட்டி. வலது கை உறையின் மேல். எத்தனையோ முறை மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி இதோ எதிரில். சபையே என்னைப் பார்த்தது. எல்லோருக்கும் விதி தெரியும். அது யாரால் வந்தது என்றும் தெரியும்.

"வேட்டிய எறக்கணுங்க," என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கை மடிப்பை நோக்கிப் போனது. வயதாகிவிட்டிருந்தது. இடது கையால் மடிப்பு அவிழவில்லை. வலது கையும் உதவிக்குக் கிளம்பியது. அந்தக் கையோடு ரிவால்வரும் உறையிலிருந்து பாதி வெளியே வந்திருந்தது. என் கண் அந்தக் குழலை விட்டு நகரவில்லை. வெற்றி, சபதம், மேடை எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை.

"இருங்க! மொதல்ல அதை உள்ள தள்ளுங்க. வாரைப் போடுங்க. ரெண்டு கையையும் காட்டுங்க. அவசரமில்ல. இப்ப எறக்குங்க."

சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தார். வேட்டி இறங்கியது. "சரியா?" என்று கேட்டார்.

"சரிங்க," என்றேன். விசில் ஊதினேன்.

பெரியபண்ணையும் இல்லை, மேஜரும் இல்லை, அந்தச் செம்மண் மேட்டில் இப்போது வீடுகள். என் வீட்டில் மட்டும் அது இன்னும் முடியவில்லை. பழைய மாணவன் அதிகாரியாகி வந்தாலும், சம்பந்தி வந்தாலும், கோயில் தர்மகர்த்தா நன்கொடை கேட்டு வந்தாலும், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழப் பார்ப்பேன். உடம்பு இன்னும் எதையும் படிக்கவில்லை. உடனே சமையலறையிலிருந்து கமலாவின் குரல் வரும். அவள் இல்லையென்றால் மகள், மகள் இல்லையென்றால் பேத்தி:

"கையில என்ன இருக்குன்னு பாத்துட்டு எந்திரிங்க!"

பெரும்பாலும் காப்பி டம்ளர்தான் இருக்கும். கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் அவர்களுக்குக் காட்டிவிட்டு, எழுந்திருக்கிறேன்.